பதினோராவது தீர்மானத்தை ஆமோதிப்பவர்

காசியம்மாள் எழுதிக் கொண்டுவந்த தீர்மானத்தில் மூன்று வாக்கியங்கள் இருந்தன. விஷயாலோசனைக் கமிட்டி கூடி ஒரு மணி நேரம் ஆவதற்குள் அவற்றில் இரண்டு போய்விட்டன. மிச்சமிருந்த மூன்றாவதில்தான் அவளுக்கு உயிர்.

"வத்தல்மலையில் குடியிருப்பவர்களிடம் கூலி கொடுக்காமல் வேலை வாங்குவது குற்றம் என்றும், அப்படிக் கூப்பிட்டால் யாரும் போக வேண்டியதில்லை என்றும் இந்த மாநாடு தீர்மானிக்கிறது."

இந்த ஒரு வாக்கியத்தை எழுத அவளுக்கு நான்கு நாள் பிடித்திருந்தது. பாப்பாரப்பட்டியில் வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு, கேழ்வரகு மூட்டையின் மேல் பலகையைப் போட்டு, எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தாள். 'தவறு' என்று எழுதினாள். தவறு என்றால் எல்லோரும் செய்வதுதானே என்று தோன்றியது. 'குற்றம்' என்று மாற்றினாள். படித்துப் பார்த்ததும் அந்தச் சொல் அந்த இடத்தில் நன்றாக உட்கார்ந்துகொண்டது.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு, பங்குனி மாதம். மாகாண மாநாட்டைத் தர்மபுரியில் கூட்டியிருந்தார்கள். ஊருக்கு வெளியே பெரிய பந்தல். அதை ஒட்டி இருந்த பள்ளிக்கூட அறையில் கமிட்டியின் முப்பது பேர் கூடியிருந்தார்கள். மறுநாள் பந்தலில் பொதுஜனங்களுக்கு முன்னால் எந்தத் தீர்மானம் வரலாம், எந்த வார்த்தைகளோடு வரலாம் என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் இவர்கள். முப்பது பேரில் பெண் அவள் ஒருத்திதான்.

"ஸ்ரீமதி காசியம்மாளுடைய உணர்ச்சியை நாம் எல்லோரும் மதிக்கிறோம்" என்று ஆரம்பித்தார் சேலத்து வக்கீல். அவள் வாக்கியத்தை வெட்ட வந்தவர்கள் எல்லோருமே முதலில் அவள் உணர்ச்சியை மதித்தார்கள். "ஆனால் 'குற்றம்' என்பது சட்ட வார்த்தை. எது குற்றம் என்று கோர்ட்டுதான் சொல்ல வேண்டும். மாநாடு சொல்ல முடியாது."

"உப்புக் காய்ச்சினது கூட கோர்ட்டு சொன்ன குற்றந்தாங்க" என்றாள் காசியம்மாள். "அதுக்காக நான் ஆறு மாசம் ஜெயில்ல இருந்தேன். அப்ப மாநாடு என்ன சொல்லுச்சு?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். பட்டணத்திலிருந்து வந்திருந்த பெரியவர் அவர்; நல்ல மனிதர் என்றுதான் பெயர். சிரித்துவிட்டு அவர் சொன்னார்: "அப்போது அந்நிய சர்க்கார் அம்மா. இப்போது மந்திரிகள் நம்மவர்கள். நாமே நம்மைக் குற்றம் சொல்லிக்கொள்ள முடியுமா? கேட்டுக்கொள்ளலாம். 'கேட்டுக்கொள்கிறது' என்று போடுங்கள்."

'தீர்மானிக்கிறது' போய் 'கேட்டுக்கொள்கிறது' வந்தது. யாரோ ஒருவர், 'வத்தல்மலை' என்று ஓர் ஊரை மட்டும் சொன்னால் மற்ற மலைக்காரர்களுக்கு வருத்தம் உண்டாகும் என்றார். மலையின் பெயர் போயிற்று. 'யாரும் போக வேண்டியதில்லை' என்பது சட்டமறுப்பைத் தூண்டுவது போல இருக்கிறது என்றார் வக்கீல். அதுவும் போயிற்று. 'கூலி கொடுக்காமல்' என்ற இரண்டு வார்த்தைகள் மட்டும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தன.

எதிர் வரிசையில் மாதையன் உட்கார்ந்திருந்தார். வரவேற்புக் கமிட்டிப் பொருளாளர். வத்தல்மலையில் மூங்கிலும் கடுக்காயும் புளியும் குத்தகை எடுத்திருப்பவர் அவர்தான். கூலி கொடுக்காமல் வேலை வாங்குபவரும் அவர்தான். அவர் வாயே திறக்கவில்லை. நடுவில் ஒருமுறை எழுந்துபோய், எல்லோருக்கும் மோர் கொண்டுவரச் சொன்னார். "அம்மாவுக்கு முதல்ல குடுங்கப்பா, பேசிப் பேசித் தொண்டை காஞ்சிருக்கும்" என்றார். குரலில் குத்தல் இல்லை. உண்மையாகவே அவள் தொண்டை காய்ந்திருந்தது. அவள் குடித்தாள். குடித்து முடித்த பிறகுதான் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

கடைசியில் காரியதரிசி அர்ச்சுனன் திருத்திய நகலை வாசித்தான்.

"பதினோராவது தீர்மானம். மலைவாழ் மக்களின் குறைகளைச் சர்க்கார் அனுதாபத்துடன் பரிசீலிக்க வேண்டுமென்று இம்மாநாடு கேட்டுக்கொள்கிறது."

"இது என்னோடது இல்லீங்க" என்றாள் காசியம்மாள்.

"உங்களுடையதுதான் அம்மா. நாங்கள் கொஞ்சம் மெருகு போட்டோம், அவ்வளவுதான்" என்றார் தலைவர். மேஜைமேல் இருந்த மணியை ஒரு தட்டுத் தட்டினார். "பன்னிரண்டு."

பன்னிரண்டாவது, தர்மபுரிக்கு இன்னொரு தபாலாபீஸ் வேண்டும் என்பது. அது ஒரு நிமிஷத்தில் நிறைவேறியது.

*

முந்தின ஐப்பசியில் மதுவிலக்குப் பிரசாரத்துக்காக அவள் வத்தல்மலைக்குப் போயிருந்தாள். அடிவாரத்திலிருந்து பொழுது உச்சிக்கு வரும்வரை ஏற்றம். மேலே ஒரு களத்தில் பெண்களைக் கூட்டிவைத்துக் குடியின் கேட்டைப் பற்றி அரைமணி நேரம் பேசினாள். சாமை புடைத்துக்கொண்டிருந்த சின்னக்கண்ணு என்பவள் முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள்:

"குடிக்காதேன்னு சொல்ல இம்புட்டுத் தூரம் ஏறி வந்துட்டீங்க. நல்லதுங்க. அப்பிடியே வெட்டி வேலைக்குப் போகாதேன்னும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்களேன், பாப்போம்."

அப்போதுதான் அவளுக்கு விவரம் தெரிந்தது. வீட்டுக்கு ஓர் ஆள், மாதத்தில் ஆறு நாள். மூங்கில் வெட்டி, தோளில் சுமந்து, அடிவாரத்தில் மாதையனின் வண்டிகளில் ஏற்ற வேண்டும். கூலியும் கிடையாது, கூழும் கிடையாது. போகாத வீட்டுக்காரர்கள் கடுக்காய் பொறுக்கக் காட்டுக்குள் கால்வைக்க முடியாது.

"போகாதீங்க" என்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது. ஆனால் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுகிறவள் அவள். அதனால், "நான் சொன்னா அது ஒரு பொம்பளை சொன்ன பேச்சு. கட்சி சொல்லும். பங்குனியில மாநாட்டுல தீர்மானம் போட வெக்கிறேன்" என்றாள்.

சின்னக்கண்ணு முறத்தை வைத்தாள். "சொல்லிட்டா, சித்திரை ஒண்ணுலேருந்து எங்க ஆளுங்க ஒருத்தரும் போவ மாட்டாங்க. என்னா, சொல்லுங்க எல்லாரும்" என்று சுற்றிப் பார்த்தாள். எல்லோரும் தலையசைத்தார்கள்.

இதெல்லாம் கமிட்டி அறையிலிருந்து வெளியே வந்தபோது காசியம்மாளின் மனத்தில் வந்து நின்றது. கூலி கொடுக்காமல் என்ற அந்த இரண்டு வார்த்தைகளைத் திரும்பவும் உள்ளே கொண்டுவர வேண்டும். வழி இருந்தது. கமிட்டி என்ன முடிவு செய்தாலும், பிரதிநிதி எவரும் மறுநாள் காலை எட்டு மணிக்குள் எழுதிக் கொடுத்தால், பந்தலில் திருத்தம் கொண்டுவரலாம். அப்போது ஜனங்களுக்கு முன்னால் ஓட்டெடுக்க வேண்டியிருக்கும். தோற்றாலும் தோற்கட்டும். யார் யார் கை தூக்குகிறார்கள் என்றாவது மலைக்காரர்கள் பார்ப்பார்கள்.

வேப்பமரத்தடியில் காகிதத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது அர்ச்சுனன் ஓடிவந்தான். ஒன்றாக மறியல் செய்தவன், அவளைவிட ஐந்தாறு வயது சின்னவன். கட்சியில் அவளை அக்கா என்று கூப்பிடுகிற ஒரே ஆள்.

"அக்கா, கோவமா இருக்கீங்களா?"

"இல்லடா, குளிர்ந்து போயிருக்கேன். மோர் குடிச்சேன் பாரு."

"கேளுங்கக்கா. தலைவர் ஒரு வார்த்தை சொல்லியனுப்பிச்சாரு. பதினோராவது தீர்மானத்தை வக்கீல் பிரேரேபிக்கிறாரு. ஆமோதிக்கிறது நீங்கதான் செய்யணும்னு சொன்னாரு. மேடையில, ஒலிபெருக்கி முன்னால, அஞ்சு நிமிஷம். பத்தாயிரம் ஜனம் உக்காந்திருக்கும். தீர்மானத்துல என்ன எழுதியிருந்தா என்னக்கா? உங்க வாய்ல வர்றதைத்தானே ஜனங்க கேப்பாங்க?"

பத்தாயிரம் ஜனம் என்றதும் காசியம்மாளின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று துள்ளியது. அதை அவள் கவனித்தாள். துள்ளுவது நியாயத்துக்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். திருத்தம் என்றால் கடைசி வரிசையிலிருந்து எழுந்து நின்று கத்த வேண்டும், பாதிப் பேருக்குக் கேட்காது. ஆமோதித்தால் மேடை. அதுவும் தலைவரே சொல்லியனுப்பிய மேடை. ஆறு வருஷமாகக் கூட்டங்களில் அவளுக்குக் கொடுத்த வேலை கடவுள் வாழ்த்துப் பாடுவதும், வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுப்பதும்தான்.

"பேர் அச்சுல வரும்க்கா" என்றான் அர்ச்சுனன். "சம்மதம்னு இதுல ஒரு கையெழுத்து."

அவள் போட்டாள்.

சாயங்காலம் ஜாகையில் அவள் புருஷன் நஞ்சப்பன் மாடுகளுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டே விசாரித்தார். மாநாட்டுக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்ததே அவருக்குப் பெரிய தியாகம்.

"ஆமோதிக்கிறதுன்னா என்னா தாயி? தலையாட்டறதா?"

"அஞ்சு நிமிஷம் பேசறது."

"பேசிப்போட்டுத் தலையாட்டறது."

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க" என்றாள். சொன்ன வேகத்தைப் பார்த்து அவர் மாட்டிடம், "நமக்கு ஒண்ணும் தெரியாதாம், தின்னு" என்றார்.

*

காலையில் நிகழ்ச்சி நிரல் வந்தது. ரோஜா நிறத் தாள். 'பதினோராவது தீர்மானம். ஆமோதிப்பவர்: ஸ்ரீமதி காசியம்மாள், பாப்பாரப்பட்டி.' அவள் மூன்று தடவை பார்த்தாள். ஊரின் பெயரையும் போட்டிருந்தது அவளுக்குப் பிடித்திருந்தது. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பந்தலுக்கு வந்தபோது, வாசலுக்கு வெளியே வெயிலில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். சின்னக்கண்ணு முதலில் எழுந்தாள்.

"கோழி கூப்பிடறதுக்கு முன்னாலயே எறங்கிட்டோமுங்க. சீட்டு இல்லாம உள்ள விட மாட்டேங்கறாங்க. எங்க தீர்மானத்துக்கே எங்களுக்குச் சீட்டு வேணுமாம்ல?"

காசியம்மாள் தொண்டர்களிடம் சண்டை போட்டு அவர்களைக் கடைசி வரிசைக்குப் பின்னால், ஒரு கம்பத்தடியில் உட்காரவைத்தாள். சின்னக்கண்ணு கழுத்தை வளைத்துப் பந்தலை அண்ணாந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் கட்டியிருக்காங்க. இந்தா, இந்தக் கம்பு எங்க வூட்டுக்காரரு சுமந்தது. கணுவுல கீறல் போட்டிருக்காரு பாருங்க."

அவள் புருஷன் சென்றாயன் வெட்கப்பட்டுக்கொண்டு தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தான். துண்டுக்கு அடியில் தோல் உரிந்து பச்சிலை வைத்துக் கட்டியிருந்தது.

"இதுவா? இந்தப் பந்தலா?" என்றாள் காசியம்மாள்.

"பந்தல் முச்சூடும் எங்க மூங்கில்தானுங்க. மாசத்துக்கு ஆறு நாள் போக, இதுக்குன்னு இன்னும் எட்டு நாள் வெட்டிக்குக் கூப்பிட்டாரு மாதையன். கட்சி மாநாட்டுக்குன்னாங்க. அட, நம்ம அம்மாவோட கட்சியாச்சே, நமக்காகத் தீர்மானம் போடற எடமாச்சேன்னு நாங்களும் ஒண்ணும் கேக்கல." சின்னக்கண்ணு இதைக் குறையாகச் சொல்லவில்லை. கல்யாண வீட்டுக்கு வாழைமரம் கொண்டுவந்து கொடுத்தவள் போலத்தான் சொன்னாள்.

வரவேற்புக் கமிட்டியின் அறிக்கையில், 'பந்தலுக்கு வேண்டிய மூங்கிலனைத்தும் ஸ்ரீமான் மாதையன் அவர்களின் அன்பளிப்பு' என்று நேற்று மேடையில் வாசித்ததும், எல்லோரோடும் சேர்ந்து தானும் கைதட்டியதும் காசியம்மாளின் நினைவுக்கு வந்தன.

பள்ளிக்கூடக் கடிகாரத்தில் மணி ஏழே முக்கால் ஆகியிருந்தது. அவள் ஓடினாள். அர்ச்சுனன் மேஜையில் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தான். அவனிடமிருந்தே பேனாவை வாங்கி நின்றபடியே எழுதினாள். 'பதினோராவது தீர்மானத்தில் கூலி கொடுக்காமல் என்ற வார்த்தைகளை…'

"இது என்னக்கா?"

"திருத்தம். இன்னும் கால் மணி இருக்கு."

அர்ச்சுனன் காகிதத்தைத் தொடவில்லை. "அக்கா, நீங்க ஆமோதிக்கிறவங்க. ஆமோதிக்கிறவங்க அதே தீர்மானத்துக்குத் திருத்தம் கொண்டுவர முடியாதுங்க. விதி."

"அப்ப ஆமோதிக்கல. பேரை எடுத்துடு."

"அச்சாயிருச்சே. கையெழுத்து வேற போட்டிருக்கீங்க. தலைவர் சம்மதிக்கணும். அவர் பூஜையில இருக்காரு, எட்டரைக்குத்தான் வருவாரு."

"அர்ச்சுனா, இந்த விதி உனக்கு நேத்தே தெரியுமா?"

அவன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "தெரியும்க்கா. நீங்க திருத்தம் கொண்டுவந்து, ஓட்டெடுத்து, அம்பது பேர் கூடக் கை தூக்காம போயிருந்தா? அதோட மலைக்காரங்க பேச்சே செத்துப் போயிருக்கும். இப்ப ஒரு தீர்மானமாவது உயிரோட இருக்கு. நான் உங்களுக்குக் கெட்டது நினைக்கலைக்கா."

அவன் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. திட்டுவதற்கு ஒரு கெட்டவன் கூடக் கிடைக்கவில்லை.

பாப்பாரப்பட்டியிலிருந்து வந்திருந்த இன்னொரு பிரதிநிதி, தூரத்து மாமன் முறை, வாசலில் பல் குச்சியோடு நின்றார். காகிதத்தை அவரிடம் நீட்டினாள். "மாமா, இதை நீங்க கொண்டுவாங்க. கையெழுத்து மட்டும் போடுங்க."

அவர் படித்தார். ரோஜா நிறத் தாளையும் எடுத்துப் பார்த்தார். "அம்மணி, நீயே ஆமோதிக்கிறேன்னு போட்டிருக்குது. நீ ஆமோதிக்கிறதை நான் திருத்தணுமா? ஊர்ல சிரிக்க மாட்டாங்க?"

பள்ளிக்கூட மணி எட்டு அடித்தது.

அவள் வேப்பமரத்தடிக்கே திரும்பி வந்தாள். நேற்றுக் கையெழுத்துப் போட்ட இடம். விதி தெரியாது என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஆறு வருஷமாக எத்தனை கூட்டம் பார்த்திருக்கிறாள்! ஆமோதிக்க எழுந்தவர்கள் தீர்மானத்துக்கு விரோதமாக ஒரு வார்த்தை பேசி அவள் கேட்டதே இல்லை. நஞ்சப்பனுக்குத் தெரிந்தது அவளுக்கா தெரியாது? தெரிந்ததைத் தெரியாததாக வைத்துக்கொள்ள அவளுக்கு ஒரே ஒரு நிமிஷம்தான் தேவைப்பட்டது. அந்த ஒரு நிமிஷத்தில் மலை, சின்னக்கண்ணு, மூங்கில் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு அச்சில் வரப்போகும் பெயர் ஒன்று முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. அவளை யாரும் ஏமாற்றவில்லை. தாம்பூலம் வைத்து அழைத்தார்கள், போனாள்.

*

பதினோராவது தீர்மானம் வரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. கூட்டத்தில் பாதிப் பேர் சாப்பாட்டு நினைவில் இருந்தார்கள். வக்கீல் மலைவாழ் மக்களின் கள்ளங்கபடமற்ற உள்ளத்தைப் பற்றியும், அவர்கள் தேனின் சுவையைப் பற்றியும் பேசி அமர்ந்தார். தலைவர் தாளைப் பார்த்து, "ஆமோதிப்பவர், ஸ்ரீமதி காசியம்மாள்" என்றார். கைதட்டினார்கள். கடைசி வரிசைக்குப் பின்னால் இருபது பேர் எழுந்தே நின்று தட்டுவது மேடையிலிருந்து தெரிந்தது.

ஒலிபெருக்கியின் முன்னால் நின்றதும் முதலில் கேட்டது அவளுடைய மூச்சுத்தான். பந்தல் முழுக்க அவள் மூச்சு.

"நான் எழுதிக் கொடுத்த தீர்மானத்துல கூலி கொடுக்காமல்னு இருந்துச்சுங்க. குற்றம்னு இருந்துச்சு. இப்ப வக்கீலய்யா வாசிச்சதுல ரெண்டும் இல்லை."

டிங் என்று மணி அடித்தது. தலைவர் மெதுவாக, "தீர்மானத்தை ஒட்டிப் பேசுங்கள் அம்மா" என்றார்.

"ஒட்டித்தாங்க பேசறேன். நம்ம தலைக்கு மேல இருக்கற மூங்கிலை வத்தல்மலை ஜனங்க எட்டு நாள் சுமந்து கொண்டாந்தாங்க. ஒரு சல்லி கூலி இல்லாம. அவங்க குறையைப் பரிசீலிக்கணும்னு அவங்க மூங்கிலுக்குக் கீழேயே உக்காந்து…"

டிங். டிங். முன்வரிசையில் சலசலப்பு எழுந்தது. மாதையன் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து என்னவோ சொல்லிச் சிரித்தார்.

"கமிட்டியில் முடிந்ததை இங்கே கிளறக் கூடாது. ஆமோதிக்கிறீர்களா, அதைச் சொல்லுங்கள்" என்றார் தலைவர். குரலில் இன்னும் மரியாதை இருந்தது.

"மாட்டேன்" என்றாள் காசியம்மாள். "நான் இதை ஆமோதிக்க மாட்டேன்."

தன் வாழ்நாளில் தான் சொன்ன பெரிய வார்த்தை அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. இனி ஏதாவது நடக்க வேண்டும். யாராவது எழுந்து ஏன் என்று கேட்க வேண்டும்.

எழுந்தவன் அர்ச்சுனன். "நான் ஆமோதிக்கிறேன்" என்றான். அவள் பக்கம் பார்க்காமல் சொன்னான். "எதிர்ப்பு உண்டா?" என்று தலைவர் கேட்டதும், "தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது" என்று அவரே சொன்னதும் ஒரே மூச்சில் நடந்தன. அவள் தூக்கிய கையை யாரும் பார்க்கவில்லை. அவளுக்கே அது தாமதமாகத்தான் தூக்கியது போலிருந்தது. கரகோஷம் எழுந்தது. பின்னால் இருந்த இருபது பேரும் தட்டினார்கள். எல்லோரும் தட்டும்போது, ஆகிவிட்டது என்றுதானே அர்த்தம்?

"பன்னிரண்டு" என்றார் தலைவர்.

*

மாநாடு கலைந்தபோது மணி மூன்று இருக்கும். அர்ச்சுனன் மேடைக்குப் பின்னால் பத்திரிகைக்காரர்களுக்கு விவரம் கொடுத்துக்கொண்டிருந்தான். மேஜைமேல் இருந்த நடவடிக்கைக் குறிப்பை அவள் எட்டிப் பார்த்தாள். 'ஆமோதித்தவர்: ஸ்ரீமதி காசியம்மாள்' என்று இருந்தது.

"நீதானடா ஆமோதிச்சே?"

"அச்சுல வந்த மாதிரியே முன்னாடியே எழுதி வெச்சிட்டாங்கக்கா. மத்தப் பிரதி எல்லாம் தபால்ல போயிருச்சு. ஒரு வரிதானே."

அவள் அவன் பேனாவை எடுத்துத் தன் பெயரின் மேல் கோடு கிழித்தாள். தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தினாள். ஒரு பிரதியில் அவள் பெயர் இல்லை. மற்றவற்றில் இருக்கும். இவ்வளவு பிரதிகளில் தன் பெயர் வர வேண்டுமென்று நேற்று ஆசைப்பட்டது நினைவு வந்து, வாய் கசந்தது.

கடைசி வரிசைக்குப் பின்னால் சின்னக்கண்ணு காத்திருந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"ஆச்சுங்களா? தீர்மானம் ஆயிருச்சுங்களா?"

ஆயிற்று என்று சொல்லிவிடலாம். எல்லோரும் கைதட்டினார்களே. அவர்கள் சந்தோஷமாக மலை ஏறுவார்கள். சித்திரை ஒன்றாம் தேதி வேலைக்குப் போக மாட்டார்கள். மாதையனின் ஆட்கள் அவர்களைக் காட்டுக்குள் விடமாட்டார்கள். அப்போது எந்தத் தீர்மானத்தைக் காட்டுவார்கள்?

"ஆகல சின்னக்கண்ணு. வேற ஒண்ணு ஆச்சு. கூலியைப் பத்தி அதுல ஒண்ணும் இல்ல. நேத்தே நான் ஒண்ணு செஞ்சிருக்கணும், செய்யல. ஆசைப்பட்டுட்டேன்."

அவள் என்ன ஆசைப்பட்டாள் என்று சின்னக்கண்ணு கேட்கவில்லை. முகம் மட்டும் மெல்ல மாறியது. பக்கத்தில் நின்ற சென்றாயன் கேட்டான்:

"அப்ப இதுக்கு என்னாங்க சொல்றது? மாதையன் ஆளு வந்து சொல்லிட்டுப் போனான். வந்ததுதான் வந்தீங்க, பந்தலைப் பிரிச்சு மூங்கிலை வண்டியில ஏத்திட்டுப் போங்கன்னு. தீர்மானம் ஆயிருக்கும், மாட்டோம்னு சொல்லிடலாம்னு இருந்தோம்."

இருபது பேரும் அவளைப் பார்த்தார்கள். கட்சி சொல்லும் என்று களத்தில் நின்று சொன்னவள் அவள். கட்சி சொல்லவில்லை. அவள் சொல்லலாம். சொல்லிவிட்டு வண்டி ஏறிப் பாப்பாரப்பட்டிக்குப் போய்விடுவாள். காட்டுக்குள் போக வேண்டியவர்கள் இவர்கள்.

"நான் என்னன்னு சொல்றது…" என்றாள்.

அந்த ஒரு வரியே போதுமானதாக இருந்தது. சென்றாயன் பெருமூச்சு விட்டுத் துண்டை இடுப்பில் இறுக்கினான். மற்ற ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக அவன் பின்னே போனார்கள். முதல் முடிச்சை அவிழ்த்தார்கள். கீற்று ஒன்று சரிந்து விழுந்தது. வெயில் உள்ளே வந்தது.

சின்னக்கண்ணு போகவில்லை. புருஷன் கீறல் போட்டிருந்த கம்பத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"நீ போகலையா?"

"நீங்க மேல நின்னு பேசினது எங்களுக்கு ஒண்ணும் வெளங்கலீங்க. கொழாய்ல கொர்ருனு வந்துச்சு. மாட்டேன்னு சொன்னீங்க பாருங்க, அது மட்டும் நல்லாக் கேட்டுச்சு." அவள் காலை நீட்டிக்கொண்டாள். "அவங்க போறாங்க, போகட்டும். நான் மாட்டேன்."

"நாளைக்குக் காட்டுக்குள்ள விட மாட்டாங்களே?"

"விட மாட்டாங்க" என்றாள் சின்னக்கண்ணு. அது தெரிந்ததுதானே என்பது போலச் சொன்னாள். அவள் குரலில் தைரியம் எதுவும் இல்லை. காலையிலிருந்து நடந்த கால் வலியும், யாரிடம் காட்டுவதென்று தெரியாத கோபமும்தான் இருந்தன.

காசியம்மாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடுப்பில் ரோஜா நிறத் தாள் குத்தியது. எடுத்துப் போடவும் அலுப்பாக இருந்தது. வெளியே நஞ்சப்பன் மாடுகளைப் பூட்டிக்கொண்டு, "பொழுது சாயுது தாயி" என்று கூப்பிட்டார்.

மாதையனின் ஆள் கையில் கயிற்றுச் சுருளோடு வந்தான். "ஏய், இந்தப் பொம்பளை என்னா சாஞ்சு உக்காந்திருக்கா? எந்திரி, இந்தக் கம்பத்தைப் பிடுங்கணும்."

சின்னக்கண்ணு எழுந்திருக்கவில்லை. காசியம்மாளைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"அவ எந்திரிக்க மாட்டா" என்றாள் காசியம்மாள். சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில், மணி அடிக்கும் என்று காத்திருந்தாள். அடிக்கவில்லை. அந்த ஆள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அடுத்த கம்பத்துக்குப் போனான். இதைக் கடைசியில் பிடுங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பான்.